கொம்பில் எழுதிய பெயர்

அமெரிக்க அருங்காட்சியகங்கள் சிலவற்றில் கண்ணாடிப் பேழைக்குள் பழைய மாட்டுக் கொம்புகளைக் காணலாம். பலவற்றில் ஒரு பெயரும் ஓர் இடமும் ஓர் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். சாதாரணப் போர்வீரர்கள் வெடிமருந்து நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு போன கொம்புகள் இவை. நம் பொன்விழா மலருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

அக்காலத்துத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் மருந்தை அளந்து குழாய்க்குள் போட வேண்டும். மருந்து நனைந்துவிட்டால் துப்பாக்கி வெறும் தடிதான். மாட்டுக் கொம்பு தண்ணீரை உள்ளே விடாது. உரசினாலும் தீப்பொறி பறக்காது. எடையும் செலவும் குறைவு. கொம்பை நீரில் வேகவைத்து உள்ளே இருக்கும் எலும்பை நீக்குவார்கள். அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, கூர்முனையில் துளையிட்டுச் சிறிய மூடி பொருத்துவார்கள். மேற்புறத்தை மெல்லியதாகச் சுரண்டினால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மருந்து எவ்வளவு மீதம் என்று அறியலாம். பிறகு கத்தி முனையால் கோடு கீறி, அதில் கரியையோ மையையோ தேய்த்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும்.

இந்தச் செதுக்கு வேலை 1754 முதல் 1763 வரை நடந்த போரில் செழித்தது. வட அமெரிக்காவுக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய காலம் அது. ஆங்கிலேயர் பக்கம் விவசாயிகளும் கைத்தொழிலாளர்களும் படையில் சேர்ந்தார்கள். கோட்டைகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான கொம்புகளுக்கு நடுவே தன்னுடையது எது என்று அறியப் பெயர் தேவைப்பட்டது. பெயருடன் கோட்டையும் கப்பலும் அரச முத்திரையும் சேர்ந்துகொண்டன. ஹட்சன் ஆற்றையும் கரையோர ஊர்களையும் கோட்டைகளையும் வரைபடமாகவே செதுக்கிக்கொண்டவர்களும் உண்டு.

அந்தச் செதுக்குநர்களில் முதன்மையானவர் ஜான் புஷ். மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரி ஊரைச் சேர்ந்த கறுப்பினத்தவர்; அடிமை முறை நடைமுறையில் இருந்த அந்நாளில் சுதந்திர மனிதராக வாழ்ந்தவர். 1755இல் ஜார்ஜ் ஏரிக்கரைப் பாசறையில் சக வீரர்களுக்காக அழகிய எழுத்துகளில் கொம்புகளைச் செதுக்கினார். பின்வந்தவர்கள் அவர் பாணியைப் பின்பற்றினார்கள். 1757 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தபோது அவர் சிறைப்பட்டார். ஊர் திரும்பவே இல்லை. அவர் செதுக்கிய கொம்புகள் இல்லையென்றால் இன்று அவரை யார் பேசப் போகிறார்கள்?

வணிகன் என்ற முறையில் கொம்புக்குள் இருந்த சரக்கையும் கவனித்தேன். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். அன்று பிரிட்டனுக்குத் தேவையான வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போனது. 1757இல் பிளாசியில் வென்ற பிறகு, கம்பெனி அந்த வணிகத்தையே தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. இந்திய மண்ணின் உப்பு, அமெரிக்கக் காட்டில் ஒரு விவசாயியின் தோளில் தொங்கியது.

1774இல் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வெடிமருந்து ஏற்றுமதியைத் தடுத்தது. மறு ஆண்டு அந்த மக்கள் பாஸ்டன் நகரை முற்றுகையிட்டபோது, ஆளுக்கு ஏறத்தாழ 9 முறை சுடும் அளவே மருந்து இருப்பதை அறிந்து தளபதி வாஷிங்டன் திகைத்துப் போனார். அந்த முற்றுகைப் பாசறைகளிலும் வீரர்கள் கொம்புகளைச் செதுக்கினார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்தாலும் பெயர் எழுதுவதை அவர்கள் விடவில்லை.

பிற்காலத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் மாறின. கொம்புகள் பரணுக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூஃபஸ் கிரைடர் என்ற ஓவியர் அவற்றைத் தேடித் தேடி, நூற்றுக்கணக்கான கொம்புகளின் செதுக்கல்களைத் தாளில் வண்ணத்தில் வரைந்து வைத்தார். அவை இன்று நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன.

நம் பாட்டனார்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது தகரப் பெட்டியின் மேல் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டுதான் வந்தார்கள். காரணம் ஒன்றேதான்: பெட்டி மாறிவிடக் கூடாது. பல வீடுகளில் அந்தப் பெட்டிகள் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. பழைய நிழற்படங்களில் இருப்பவர் யார் என்று சொல்ல வீட்டில் ஒரே ஒரு மூத்தவர்தான் மிஞ்சியிருக்கிறார். இந்த மலரில் முன்னோடிகள் சிலரின் பெயர்கள் அச்சாகியுள்ளன. விடுபட்ட பெயர்கள் இன்னும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. இந்த வாரமே அந்த மூத்தவர் அருகில் அமர்ந்து, படத்தின் பின்புறம் பென்சிலால் மூன்று விவரங்களை எழுதுங்கள்: பெயர், ஊர், ஆண்டு. அந்தக் கொம்புகளிலும் இருப்பவை இந்த மூன்றும்தான்.