பஞ்சம் வெட்டிய கால்வாய்

சென்னையின் வரலாற்றைக் கோட்டையிலும் கோபுரத்திலும் மட்டுமே தேடுவோர் பலர். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியே கருத்துக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயும் ஒரு வரலாற்று ஏடே என்பேன்.

1806-ஆம் ஆண்டில், நகருக்கு வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. பின்னர்ப் படிப்படியாக வளர்ந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிற்று. அப்பொழுது, பசியால் வாடிய மக்களைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 5 மைல் பகுதியை அரசினர் வெட்டுவித்தனர். 1877-இன் தொடக்கத்தில், பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆடவனின் தினக்கூலி ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைக்கப்பட்டது. அக்கூலியில் மண் சுமப்பவன் உயிர் தரிப்பது எங்ஙனம் என்று அன்றே கண்டனம் எழுந்தது.

அன்றைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வாய்த்தது. வெட்டியவர் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் வெட்டிய வழியில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் நெடுங்காலம் நகருக்கு வந்தன. தோணிகள் மறைந்தபின், 1990-களில் பறக்கும் இரயிலின் தூண்கள் அதே நீரில் ஊன்றப்பட்டன.

மாணவ நண்பர்களே! அவ்விரயிலில் செல்லுங்கால் சற்றே கீழே நோக்குங்கள். அங்கே கிடப்பது வெறும் சாக்கடையன்று, பசித்தவர் உழைப்பு.