வக்ஃபும் வனிதையரும்

ஆந்திர மலைப்பக்கத்தில் பிறந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி ஆகிய ஊர்களைத் தழுவிப் பழவேற்காட்டு ஏரியை நாடிச் செல்வது ஆரணியாறு. அந்த ஆறு சென்று சேரும் பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனையோலையால் கூடையும் பெட்டியும் முடைந்து பொருள் ஈட்டுவதைப் பலரும் அறிவர். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு விடியலில் வேலைக்குப் புறப்படும் பெண்களும் உளர். இத்தகையோரின் உழைப்பில் ஒரு பங்கு பள்ளிவாசல் சந்தாவாகவும், நோன்புக் கஞ்சிக்கு அரிசியாகவும், ஏழைக் குமரின் திருமணத்திற்கு உதவியாகவும் வந்து சேர்கிறது. கொடுக்கும் கையாகப் பெண்ணை ஏற்றுக்கொண்டோம். கொடுத்த பொருள் எவ்வாறு செலவாக வேண்டும் என்று கூறும் நாவாக அவளை ஏற்றுக்கொண்டோமா?

இக்கேள்வியை நான் பிறரிடம் கேட்கும் முன் என்னிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். ஓதி முடித்து ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிதில், ஓர் ஊரில் பழைய வக்ஃபு நாமா ஒன்றைப் படித்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். படித்துக்கொண்டிருக்கையில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டி, "ஹஜரத், எங்க பாட்டியா எழுதி வச்ச நெலம் அது. விதவைகளுக்கு அரிசின்னு அதுல இருக்குதா, இல்லியா?" என்று கேட்டார். இருந்தது. ஆனால் அவ்வரிசி நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. நானோ, "நிர்வாகம் ஆண்கள் பார்த்துக்கொள்ளும் காரியம், தாயே" என்று விடையிறுத்து வாயடைத்துவிட்டேன். அம்மையார் மறுபேச்சுப் பேசவில்லை. நான் சொன்ன விடைக்கு நான் ஓதிய கிதாபுகளில் ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்தது பின்னர்தான். தேடியதில் கிடைத்ததையே ஈண்டு எழுதுகிறேன்.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைவை அறம் செய்யுமாறு அண்ணலார் வழிகாட்டினார்கள். விற்கவோ, நன்கொடையாக அளிக்கவோ, வாரிசாகப் பங்கிடவோ கூடாது என்ற வக்ஃபின் அடிப்படை விதிகள் இந்நிகழ்ச்சியிலிருந்தே எடுக்கப்பெற்றன. இதுவரை நம்மவர் நன்கறிவர், மிம்பர்களிலும் கேட்டிருப்பர். இதன் பிற்பகுதிதான் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வக்ஃபைத் தமக்குப் பின் பராமரிக்கும் பொறுப்பை உமர் (ரலி) அவர்கள் தம் மகளார் அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்து மரணசாசனம் எழுதினார்கள். அன்னையார் வாழும் காலமெல்லாம் அவர்களே பொறுப்பாளர். அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்லறிவுடையோர் என்பது ஏற்பாடு. அபூதாவூது தொகுப்பில் இச்சாசனம் பதிவாகியிருக்கிறது.

ஒன்றைக் கருத வேண்டும். ஆண்மக்கள் இல்லாத குறையால் செய்த ஏற்பாடு அன்று இது. மார்க்க ஞானத்திலும் பேணுதலிலும் புகழ்பெற்ற அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அன்று உயிருடன் இருந்தார்கள். கைபர் நிலத்தின் செய்தியை உலகுக்கு அறிவித்தவரும் அவர்களே. அவர்கள் இருக்கவும் பொறுப்பு மகளாரைச் சார்ந்தது. ஹிஜ்ரி 23இல் கலீபா மறைந்தார்கள். அன்னையார் மறைந்தது ஹிஜ்ரி 45இல் என்பது பலர் கூற்று.

சட்ட நூலோரும் இவ்வழியையே பற்றி நின்றனர். வக்ஃபின் நாழிராக இருப்பவருக்கு அறிவு, பருவம், நம்பகம், ஆற்றல் ஆகியவை வேண்டும் என்றனர். ஆணாக இருத்தல் வேண்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை. டமாஸ்கஸில் வாழ்ந்து 1836இல் மறைந்த இப்னு ஆபிதீன், தம் ரத்துல் முஹ்தாரில் இதில் ஆணும் பெண்ணும் சமம் என்றே எடுத்துரைக்கிறார். ஷாபிஈ நூல்களும் நேர்மையையும் திறமையையும் கேட்கின்றனவேயன்றி ஆண்மையைக் கேட்கவில்லை.

அங்ஙனமாயின் தடை எங்கிருந்து வந்தது? தொழுகைக்கு முன்னிற்கும் இமாமத்தையும், சொத்தைப் பேணும் நிர்வாகத்தையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதே காரணம் என்று எனக்குப் படுகிறது. கணக்கெழுதுவதற்கும் குத்தகை வசூலிப்பதற்கும் ஏழையின் வீட்டு நிலையறிந்து உதவுவதற்கும் மிஹ்ராபில் நிற்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் கண்டன. ஆன்மீகக் கடமைகள் சாராத இடத்துப் பெண் முத்தவல்லியாகலாம் என்பதை இலண்டன் பிரிவி கவுன்சில் 1906இல் ஒரு வழக்கில் ஏற்றது. ஹாரூன் ரஷீதின் துணைவி ஜுபைதா அம்மையார் மக்காவுக்கு நீர் கொணர்ந்ததையும், 1552இல் உதுமானிய அரசி ஹுர்ரம் ஜெருசலத்தில் ஏழைகளுக்கு அன்னசாலை நிறுவியதையும் பெருமையுடன் பேசும் நமக்கு, நம்மூர் முத்தவல்லி நாற்காலி மட்டும் ஆணுக்கே உரியதாகத் தோன்றியது.

சுதந்திர இந்தியாவில் 1954, 1995 ஆகிய ஆண்டுகளில் வக்ஃபு சட்டங்கள் வந்தன. இடையில், ஷா பானு வழக்கின் எதிரொலியாக 1986இல் வந்த முஸ்லிம் பெண்கள் சட்டத்தை நினைவுகூர வேண்டும். மணவிலக்குப் பெற்ற பெண்ணைத் தாங்க உற்றார் எவருக்கும் இயலாதபோது, மாநில வக்ஃபு வாரியம் அவளுக்கு ஜீவனாம்சம் தர நீதிபதி ஆணையிடலாம் என்று அது விதித்தது. ஆதரவற்ற பெண் வாரியத்தின் வாயிலில் மனுவுடன் நிற்கலாம் என்று 1986இல் சட்டம் சொன்னது. உள்ளே இருந்து அம்மனுவைப் படிப்போரில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியது 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். வாயிலுக்கும் உள்ளறைக்கும் இடையே 27 ஆண்டுகள் கடந்தன! பல பிரிவுகள் வழக்குக்கு உள்ளான 2025ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் மகளிர் இருவர் என்ற விதி இடம்பெற்றது.

தமிழகம் இதில் பின்தங்கி நின்றுவிடவில்லை. 2013ஆம் ஆண்டு விதி பிறக்குமுன்னரே வழக்கறிஞர் பதர் சயீத் அவர்கள் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவராகப் பணியாற்றினார். 2006இல் திருவல்லிக்கேணியிலிருந்து சட்டமன்றத்திற்கும் தேர்வானார். பாத்திமா முஸப்பர் அவர்கள் வாரிய உறுப்பினராகப் பணிபுரிந்தார். புதுக்கோட்டையிலோ, தாவூது ஷரீபா கானம் அவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தார். அதன் வழிமுறைகளில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் பெண்ணின் வழக்கை அவளையே அழைத்துக் கேளாமல் முடிவு செய்யும் வழக்கம் சில ஊர்களில் இருந்ததனாலன்றோ அப்படியொரு ஜமாஅத் தேவைப்பட்டது?

வாரியத்தில் இருவர் அமர்ந்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழை. வாரியம் சென்னையில் இருக்கிறது. விதவையோ நம் தெருவில் இருக்கிறாள். அவள் வீட்டில் அடுப்பெரிந்ததா என்று நிர்வாகக் குழுவின் ஆண்களுக்குத் தெரிவதற்கு முன்னே அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். இத்தாவில் இருப்பவளிடம் சென்று தேவையைக் கேட்டறிய ஒரு பெண்ணால் இயல்வதுபோல் ஆணால் இயலாது. ஆதலின் உதவித்தொகை, ஜகாத் பங்கீடு, பெண்மக்களின் கல்வி ஆகியவற்றுக்கேனும் ஒவ்வொரு மஹல்லாவிலும் நம்பகமும் திறமையும் வாய்ந்த பெண்களை ஆலோசனையில் சேர்க்கட்டும். ஆண்டுக் கணக்கைப் பெண்களும் கேட்கும்படி படிக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

திரைக்கு அப்பாலிருந்து கேட்ட அம்மூதாட்டி கேட்டது பதவியன்று. பாட்டியார் எழுதிவைத்தது நடக்கிறதா என்ற ஒரே வினாத்தான். அதைக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. விடை சொல்லும் கடமை நமக்கு இருந்தது. அன்று நான் சொல்லத் தவறிய விடையை இன்று எழுதிவிட்டேன். அவ்வூரில் நின்றுபோன அரிசியை மீண்டும் அளக்க வைப்பது, எழுத்தால் மட்டும் ஆகும் காரியமன்று.