மார்க்கம் மட்டும் போதுமா? இப்னு கல்தூன் சொன்னது

மார்க்கம் இல்லாமல் ஒரு சமூகம் இயங்குமா? இயங்காது என்றே நம்மில் பலர் உடனே சொல்வோம். பிற்காலத்தில் கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் தலைமைக் காதியாக இருந்த இப்னு கல்தூன் அப்படிச் சொல்லவில்லை.

1332இல் தூனிஸில் பிறந்தவர். இள வயதிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். அரசவைப் பதவியையும் சிறையையும் பார்த்த பிறகு, இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கி, 1377இல் 'முகத்திமா'வை எழுதினார்.

மனிதருக்கு ஆட்சி தேவை, ஆகவே நபித்துவமும் தேவை என்று சில தத்துவஞானிகள் வாதிட்டனர். இவர் மறுத்தார். வேதம் கிடைக்காத மக்களே உலகில் அதிகம். அவர்களும் அரசுகள் அமைத்து வாழ்ந்தார்களே என்றார். நபித்துவத்தின் அவசியத்தை ஷரீஅத் மூலமே அறிகிறோம், பகுத்தறிவு வாதத்தால் அல்ல என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே இது ஈமானில் வந்த குறையல்ல.

ஒரு கூட்டத்தைத் தாங்குவது 'அஸபிய்யா' எனும் ஒட்டுறவு. அதனோடு மார்க்கம் சேர்ந்தால் போட்டியும் பொறாமையும் அடங்கி, பலம் பெருகும். ஒட்டுறவு இல்லாத மார்க்க அழைப்போ நிலைக்காது. மக்கள் பலமின்றிக் கிளர்ந்தெழுந்து அழிந்துபோன சீர்திருத்தவாதிகளை அவர் உதாரணம் காட்டுகிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நீதியான ஆட்சி ஒரு சமயத்தாருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அடுத்தது, மிம்பரில் எவ்வளவு உரத்துப் பேசினாலும், மஹல்லாவுக்குள் ஒருவரையொருவர் தாங்காவிட்டால் அந்தப் பேச்சு நிற்காது.

பிள்ளைகளுக்கு அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறோம். அவர் கேட்ட கேள்வியையும் சேர்த்துச் சொல்வோம்.