மகளின் பெயரில் ஒரு மென்பொருள்



என்னிடம் படித்த ஹட்டன் தம்பி ஒருவர் போன கிழமை கோல் எடுத்தார். அம்மா அன்றாடம் எடுக்கும் கொழுந்தின் கிலோக் கணக்கைப் போனில் பதிந்து வைக்க ஒரு மென்பொருள் எழுதி, ஜி.பி.எல். என்ற அனுமதியில் எல்லாருக்கும் இலவசமாக விட்டிருந்தார். இப்போது ஒரு கம்பனி கேட்கிறதாம். "சும்மா கொடுத்ததைக் காசுக்கும் கொடுக்கலாமா சேர்?"

கொடுக்கலாம். இதற்கு ஒரு கதை இருக்கிறது.

1995இல் பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ், இரண்டு சுவீடன் கூட்டாளிகளோடு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைத் தொடங்கினார். 'மை' அவருடைய மகளின் பெயர். 2000இல் அது ஜி.பி.எல். அனுமதிக்கு வந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே அனுமதியில் கொடுக்க வேண்டும். தங்கள் நிரலைக் காட்ட விரும்பாத கம்பனிகளுக்கு அதே மென்பொருளை வேறு அனுமதியில் காசுக்குக் கொடுத்தார்கள். பதிப்புரிமை அவர்கள் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. வெளியார் எழுதிய பகுதிகளைச் சேர்க்கும்போது அவற்றின் உரிமையையும் எழுதி வாங்கினார்கள்.

இலவசப் பிரதியால் நமக்கும் பயன் கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டுத் தொண்டர்கள், காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிய எழுதிய 'சகன' மென்பொருள் மைஎஸ்கியூஎல் மேல்தான் ஓடியது.

2008இல் சன் நிறுவனம் மைஎஸ்கியூஎல் கம்பனியைச் சுமார் 100 கோடி டொலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே சன்னை வாங்க ஒராக்கிள் வந்தது. விடேனியஸ் ஐரோப்பிய ஆணைக்குழு வரை முறையிட்டார், பலிக்கவில்லை. 2010இல் எல்லாம் ஒராக்கிள் கைக்குப் போனது. அதற்குள் அவர் பழைய நிரலை எடுத்து, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி தொடங்கியிருந்தார். ஆனால் ஜி.பி.எல். தரும் உரிமை மட்டும்தான் அவருக்கும். கம்பனிகளுக்கு வேறு அனுமதி எழுதிக் கொடுக்க முடியாது, தன் கையால் எழுதிய வரிகளுக்கே!

தம்பியிடம் கேட்டேன், "வேறு யார் எழுதினார்கள்?" இரண்டு கூட்டாளிகளாம். முதலில் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொன்னேன். கம்பனியின் காகிதத்தில் இருப்பது 'அனுமதி'யா, 'உரிமை மாற்றமா' என்றும் பார்க்கச் சொன்னேன். ஏற்கெனவே இலவசமாக விட்ட பிரதியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை இன்னொரு கம்பனி வந்து கேட்கும்போது கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

பதினொரு பக்கமாம், எல்லாம் ஆங்கிலத்தில். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறார். சட்டம் படித்தவர்கள் யாராவது நம் பக்கம் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.