சாம்பிராணிப் புகை

ஹோம்புஷ் தமிழ்க்கடையில் வாங்கின கம்ப்யூட்டர் சாம்பிராணியைக் கொளுத்தி ஐந்து நிமிடமில்லை, புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. நியூ சவுத் வேல்ஸில் 2006 இலிருந்து வீட்டுக்கு வீடு அது கட்டாயம். துவாயால் விசிறிக்கொண்டு நிற்கையில் ஊர் ஞாபகம்.

ஊரில் மண்சட்டியில் சிரட்டைத் தணல் எடுத்து, சாம்பிராணியைப் பொடித்துத் தூவுவார்கள். முழுகின பிள்ளைக்குத் தலை காய்வதும் அந்தப் புகையில்தான். எங்களுடையதென்று நாங்கள் நினைக்கிற இந்தச் சாம்பிராணி கப்பலேறி வந்த சாமான். சுமாத்ராவில் மரப்பட்டையைக் கீறி, வடிகிற பிசினை உறையவிட்டு எடுப்பார்கள். அரபு வணிகர் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்துருக்கம் என்றார்கள். ஐரோப்பியர் வாயில் அதுவே 'பென்சோயின்' ஆனது.

குங்கிலியத்துக்கும் பெரிய கதை உண்டு. அரிசிக்கென்று மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர்க் கலயரை 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பாடிவிட்டார்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றறி எல்லாம் அருமையாகின. எங்கள் வீட்டில் சாம்பிராணியும் முடிந்தது. அம்மா வேப்பிலை, நொச்சியிலை, தேசிக்காய்த் தோல் மூன்றையும் நிழலில் காயவைத்து, உரலில் இடித்துத் தணலில் போட்டா. நுளம்பும் ஓடியது, விளக்கு வைக்கிற நேரம் வீடும் மணந்தது.

போன கிழமை பின்வளவில் யூகலிப்டஸ் இலைகளைப் பொறுக்கிக் காயவைத்து, வெளியில் வைத்துப் புகை போட்டுப் பார்த்தேன். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் சடங்குக்குப் புகைப்பதும் இந்த இலையைத்தான். மணம் வேறுதான். ஆனாலும் அம்மா இங்கே இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பா.