களத்துப் பொலியும் கணினிக் கணக்கும்: மட்டக்களப்பின் நெல்வரி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களை ஆண்ட போடியார் என்னும் பெருநிலக்காரர், முல்லைக்காரன் எனப்பட்ட தலைமை வேலையாளின் கீழ் வயற்காரரை அமர்த்தி, விளைச்சலில் ஒரு பங்கை அவர்களுக்கு அளந்தனர். களத்தில் குவிந்த அந்நெற்பொலியில் அரசுக்கும் பங்கிருந்தது. பிரித்தானியர் காலத்தில் அது பொதுவாகப் பத்தில் ஒன்றாக இருந்தது. வரியை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் வந்து பார்வையிடும்வரை சூடு மிதிக்க (கதிரடிக்க) இயலாததால், மழைக்கு அஞ்சிய வேளாண்மைக்காரர் அவரை விரைந்து வரவழைக்கக் கூடுதல் நெல்லும் கொடுக்க நேர்ந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வரியை நிலையான ஆண்டுத்தொகையாக மாற்ற வழிசெய்தது. மலைநாட்டு வலப்பனையில் அத்தொகையைக் கட்ட இயலாத குடியானவர் காணியிழந்தனர். இலங்கை ஆளுநர் ஆவ்லொக் காலத்தில், 1892இல், நெல்வரி ஒழிக்கப்பட்டது.

இவ்வரி யாரை வருத்தியது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காணலாம். விதைநெல், எருமைக்கூலி ஆகிய செலவு நான்கு அவணமாகவும் (அவணம் ஒரு நெல்லளவு) விளைச்சல் பத்து அவணமாகவும் இருப்பின், ஓர் அவண வரி மிச்சத்தில் ஆறில் ஒன்று. விளைச்சல் ஐந்தாகக் குறையின் அரை அவண வரியே மிச்சத்தில் பாதி. வரி ஓர் அவணமென நிலைத்திருப்பின் மிச்சம் முழுவதுமே போய்விடும். பட்டறை என்னும் களஞ்சியத்தில் நெல் வைத்திருந்த போடியார் அந்த ஆண்டைக் கடந்துவிடுவார். சிறுகாணிக்காரரோ கடன்பட்டுக் காணியை ஈடுவைப்பார்.

இத்தகைய கணக்கை ஆயிரக்கணக்கான கற்பனைக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் மீளமீளப் போட்டுப் பார்ப்பதே கணினிப் பாவனை எனப்படும் ஆய்வுமுறை. ஆய்வாளர்களான எப்சுரைனும் அக்சுரெல்லும் 1996இல் வெளியிட்ட சர்க்கரைநில மாதிரியில், எளிய விதிகளின்படி இயங்கிய கற்பனை மாந்தரிடையே செல்வம் சிலரிடம் குவிந்தது. இந்திய இயற்பியலாளர் அனிர்பன் சக்ரபர்த்தி 2002இல் ஆராய்ந்த பரிமாற்ற மாதிரியில், இருவரில் வறியவரின் உடைமைக்கு உட்பட்டே ஒவ்வொரு பரிமாற்றமும் நிகழ்ந்தும், முடிவில் செல்வமெல்லாம் ஒருவரையே சேர்ந்தது. செல்வத்தின்மேல் வரி விதித்து அனைவருக்கும் பகிர்ந்தால் இக்குவிவு தடைப்படும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நெல்வரியோ உடைமையை அளக்காமல் விளைச்சலையே அளந்தமையால், அதுவும் ஏற்றத்தாழ்வைக் குறைத்திருக்கும் என இவ்வாய்வுகளைக்கொண்டு சொல்ல முடியாது.

எனினும் இம்மாதிரிகளை வாவிக்கரைக்கு அப்படியே கொண்டுவருதல் தகாது. அங்குள்ள முக்குவர் சமூகத்தின் வழமையில் ஆணின் முதுசொம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது; 1876ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டத்துக்குப் பின்னரும் காணியும் வீடும் சீதனமாகப் பெண்வழியே சென்றன. தாய்வழி உரிமையையும் சீதனத்தையும் விதிகளாகக் கொள்ளாத மாதிரி எதுவும் மட்டக்களப்பின் மாதிரி ஆகாது.