சிற்றாற்றலும் பெருங்குரலும்



கொல்லிமலை என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுபவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தைத்ததாகப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் கூறுகின்றார். புலவரின் புனைந்துரை ஒருபுறம் இருக்கட்டும். ஆற்றல் சிதறாமல் ஒரே வழியிற் செல்லுமானால் அது செய்யும் வேலை மிகப் பெரிது என்ற உண்மை அதனுள் அடங்கியிருக்கின்றது. திருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் நீங்கள் கண்டிருக்கும் கூம்பு ஒலிபெருக்கி இந்த உண்மையின்மீது எழுந்த கருவியே ஆகும். அதன் வரலாற்றையும், டிரான்சிஸ்டர் கருவியோடு அது கொண்ட உறவையும் இன்று காண்போம்.

முதலில், கூம்பு எதற்கு? ஒலிபெருக்கியின் உள்ளே அதிரும் தகடு மிகச் சிறியது. மெல்லிய குச்சியால் நீரைத் தள்ளினால் நீர் விலகிப் போய்விடும், படகு நகராது. அதுபோலவே சிறு தகடு தள்ளும்போது காற்று விலகிவிடுகின்றது. ஆற்றலின் பெரும்பகுதி ஒலியாக மாறாமல் வீணாகின்றது. தகட்டின் முன்னே குறுகிய வாயில் தொடங்கிச் சிறிது சிறிதாக விரிந்து செல்லும் குழல் ஒன்றை வைத்தால், அடைபட்ட காற்று விலக இடமின்றித் தகட்டின் தள்ளுதலை முழுமையாக ஏற்று, படிப்படியாக வெளிக்காற்றுக்கு ஒப்படைக்கின்றது. நம் முன்னோர் இதனைக் கணக்கிட்டு அறியவில்லை; கையால் அறிந்திருந்தனர். கொம்பும் தாரையும் எக்காளமும் அவ்வாறு பிறந்தவை. நாகசுரத்தின் அடியில் விரிந்து நிற்கும் அணசு செய்வதும் இத்தொழிலே. எதிர்ச் சரிவில் நிற்பவனை அழைக்கும் மலைவாழ் மனிதன் தன் இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவுகின்றான் அல்லவா? அக்கைகளும் ஒரு கூம்பே.

மின்சாரத்தால் இயங்கும் கூம்பு ஒலிபெருக்கி இருபதாம் நூற்றாண்டின் குழந்தை. அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் இதனை உருவாக்கி, 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் கேட்கும்படி இயக்கிக் காட்டினர். 1919-இல் குடியரசுத் தலைவர் வில்சன் சான் டியேகோ நகரத்தில் ஏறத்தாழ 50,000 மக்கள் முன்னிலையில் இதன் உதவியாற் பேசினார். 1926-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்த 555 என்னும் கருவி பேசும் படங்களுக்குக் குரல் கொடுத்தது. அக்காலத்து வால்வு ஆம்ப்ளிபயர்கள் சில வாட்டு ஆற்றலே தந்தன. அச்சில வாட்டுகளைக் கொண்டு ஒரு கொட்டகை முழுவதையும் நிரப்பும் வல்லமை கூம்புக்கே இருந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். 1924-இல் சென்னையில் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள்முடையால் அது 1927-இல் நின்றுபோகவே, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்திற்று. வீட்டில் வானொலி வாங்கும் வசதி அன்று மிகச் சிலர்க்கே இருந்தமையால், கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டு மக்கள் கூடிக் கேட்டனர். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் பிறந்தன. விடுதலைக்குப் பின் சிற்றூர்தோறும் பஞ்சாயத்து வானொலி வந்தது. ஊருக்கு ஒரு வானொலி, அதனோடு இணைந்த ஒரு கூம்பு; எழுத்தறியாதவரும் செய்தி அறிந்தனர். 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டினர். வானொலி வழியே அறிந்து அவர்கள் விதைத்த நெல் அது. ஒரு குரல் வயலில் விளைந்தது என்று கூறுதல் மிகையாகாது.

இனி, கொல்லிமலையை மனக்கண்முன் நிறுத்தி ஒரு கணக்குப் போடுவோம். இம்மலையில் ஊர்கள் நாடு என்னும் பிரிவுகளாகத் தனித்தனியே அமைந்துள்ளன. இடையே பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன. நல்ல கூம்பு ஒன்று 1 வாட்டு ஆற்றலைப் பெற்று 1 மீட்டர் தொலைவில் 106 டெசிபல் ஒலி தருவதாகக் கொள்வோம். வீட்டில் வைக்கும் சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி அதே ஆற்றலுக்கு 86 டெசிபல் தரும். வேறுபாடு 20 டெசிபல். 10 டெசிபல் என்பது பத்து மடங்கு ஆற்றல். எனவே 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறைகின்றது. 1,000 மீட்டரில் 60 டெசிபல் குறைந்துவிடும். கூம்புக்கு 25 வாட்டு கொடுத்தால் 1 மீட்டரில் 120 டெசிபல். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் 60 டெசிபல். அஃதாவது, அருகிலிருந்து ஒருவர் இயல்பாகப் பேசும் அளவு. காற்றும் மரஞ்செடிகளும் இதிற் சிறிது குறைக்கும். எனினும், இதே வேலையைப் பெட்டி ஒலிபெருக்கி செய்ய 2,500 வாட்டு வேண்டும்! மின்கம்பம் எட்டாத மலையூரில் 2,500 வாட்டுக்கு எங்கே போவது?

மின்கம்பம் எட்டாத ஊர் என்றேன். அங்கேதான் டிரான்சிஸ்டரின் பெருமை விளங்கிற்று. 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் ஆகியோர் முதல் டிரான்சிஸ்டரை இயக்கினர். 1956-இல் அவர்களுக்கும் ஷாக்லிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வால்வுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டு மின்னழுத்தம் வேண்டும், அவை சூடேறும், வண்டியின் குலுக்கலில் உடையும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரோ 12 வோல்ட்டு கார் பாட்டரியிலேயே இயங்கும். பாட்டரி, சிறு ஆம்ப்ளிபயர், மைக், இரண்டு கூம்புகள் ஆகியவை அடங்கிய 'மைக் செட்டு' எந்தக் குன்றின் மேலும் ஏறவல்லதாயிற்று. கோயில் விழாவும், கலியாணமும், தேர்தல் கூட்டமும், அம்மைத் தடுப்பு அறிவிப்பும் அதன் வாயால் ஒலித்தன. பணம் படைத்தவர்க்கு மட்டுமே எட்டிய பெருங்குரல் எளியவர்க்கும் கிட்டியது.

டிரான்சிஸ்டரும் கூம்பும் வீட்டு இசையிலும் கைகோத்தன. அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1946 முதல் அறையின் மூலையில் நிற்கும் பெருங்கூம்புகளைச் செய்துவந்தார். 1970-களில் வானொலி வாங்கியும் ஆம்ப்ளிபயரும் ஒன்றாய் அமைந்த ஸ்டீரியோ ரிசீவர்கள் பெருகின. 1976-இல் வந்த பயனீயர் எஸ்எக்ஸ்-1250 ஒவ்வொரு பக்கத்துக்கும் 160 வாட்டு தந்தது. பழைய ரிசீவரையும் கூம்பையும் இணைத்துக் கேட்பதில் இன்றும் விருப்பமுடையோர் பலர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கூம்புக்கு அறையில் வேண்டியது வாட்டில் நூறில் ஒரு பங்கே. அந்தச் சிறு அளவிலேதான் கருவியின் குறை வெளிப்படும்.

அக்குறை யாது? ஆம்ப்ளிபயரில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருவர் இழுக்கும் ரம்பத்தைப் போல மாறி மாறி வேலை செய்கின்றன. அலையின் மேற்பாதி ஒன்றுக்கு, கீழ்ப்பாதி மற்றொன்றுக்கு. ஒன்று விட, மற்றது பற்றும் கணத்தில் சிறு இடைவெளி நேரும். பெரிய ஒலியில் அஃது தெரியாது. சிறிய ஒலியில் கரகரப்பாய்க் கேட்கும். முற்காலத்து டிரான்சிஸ்டர் கருவிகள் சிலவற்றுக்கு நற்பெயர் கிட்டாமைக்கு இது முக்கியக் காரணம். இரண்டும் எப்பொழுதும் சிறிதளவு மின்னோட்டத்தோடு விழித்திருக்குமாறு அமைத்த பின்னரே குறை பெரிதும் நீங்கிற்று. பழைய கருவியில் மின்தேக்கிகள் உலர்ந்துபோயிருந்தால் எழும் இரைச்சலையும் கூம்பு மறைக்காது. ஆகவே, கூம்போடு இணைக்கும் ரிசீவரை வாட்டுக் கணக்கால் மதிப்பிடலாகாது; முதல் வாட்டின் தூய்மையால் மதிப்பிடல் வேண்டும்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. கண்ணை மூடலாம், காதை மூட இயலாது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவரும், பச்சிளங்குழந்தையும் கூம்பின் எதிரே நிராதரவாயினர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைப்பதைத் தடுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தன. 2005-இல் உச்ச நீதிமன்றம் அமைதியாக வாழும் உரிமையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் காவல்துறையினர் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி மறுத்துவருவதை நாளிதழ்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். மிகக் குறைந்த ஆற்றலில் மிகத் தொலைவு செல்லும் என்ற அதே சிறப்பு, அளவறியாதார் கையிற் குற்றமாயிற்று.

மாணவர்களே! கருவி நல்லதும் அன்று, தீயதும் அன்று. குரல் எட்டாத ஊருக்குக் குரலைக் கொண்டுசென்றபோது கூம்பு தொண்டு செய்தது. எட்டிய பின்னும் அலறியபோது தொல்லை தந்தது. உங்கள் ஊர்க் கோயிலிலோ பள்ளியிலோ துருவேறிய கூம்பு ஒன்று கிடந்தால், அதனை எள்ளாதீர்கள். அதன் வாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். எந்த ஆண்டில் வாங்கினார்கள், முதன்முதலில் அதில் என்ன கேட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் வினவி எழுதி வையுங்கள். ஏடுகளில் ஏறாத சிற்றூர் வரலாறு அவ்வாறே எழுதப்படும்.